டிவியை மட்டும் அணை

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்பு. பகுதிகளின் பெயர் வரிசையில் அரியலூரில் என் மச்சான் குடியிருக்கும் தெருவும் இருந்தது. மற்ற வீடுகளில் இதைப் படித்தவர்கள் முதல் நாளே மாவாட்டி, டேங்கில் தண்ணீர் ஏற்றி வைத்திருப்பார்கள். மச்சான் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது மூச்சு.

மச்சான் என்றால் தாய்மாமன் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபது வருடங்களுக்கு மேல் டிப்பர் ஓட்டினான். அவன் நுரையீரல் காய்ந்த ஸ்பாஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்று திருச்சியில் ஒரு டாக்டர் சொன்னார். புழுதியா, பீடியா, கொரோனாவா என்று கேட்டேன். "இனிமே தெரிஞ்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. அதிலிருந்து கூடத்து மூலையில் ஓர் ஆக்சிஜன் மெஷின் ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அது காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து ஒரு குழாய் வழியாக அவன் மூக்குக்கு அனுப்பும். கரண்ட் போனால் அதுவும் போகும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தது. ஆனால் பேட்டரி கிழடு. மெஷினை மாட்டினால் அரை மணி நேரத்தில் கூவ ஆரம்பித்துவிடும்.

ஆகவே பெரம்பலூரில் ஒரு கடையில் சிலிண்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, சீட் பெல்ட் போட்டேன். "மீட்டர ரெண்டுல வைங்க சார், அஞ்சு மணி வரைக்கும் தாராளமா வரும். கூட்டுனீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார் கடைக்காரர்.

நான் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளன். அவ்வப்போது பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். 'சார் சிரிப்பா எழுதுவாரு' என்று ஆபீசில் புது ஆட்களிடம் சொல்வார்கள், ஏதோ சார் சர்க்கரை நோயாளி என்று சொல்வதைப் போல. போன மாதம் புதிதாக வந்த ஒரு பெண், "இனிமே கம்ப்யூட்டரே எல்லாம் எழுதிடும் சார், ஜோக்கு உட்பட" என்றாள். எழுதட்டும். சிரிப்பதற்கு ஆட்கள் மிச்சமிருப்பார்களா என்பதுதான் என் கவலை. அரியலூர்ச் சாலையில் போகும்போது அந்தக் கவலை எனக்கு அதிகமாகும். இருபுறமும் தோண்டிய பள்ளங்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து செத்த சிப்பியும் நத்தையும்தான் இந்தச் சுண்ணாம்புக்கல். அதை அரைத்துச் சுட்டு மூட்டையில் கட்டி அனுப்புகிறோம். நாடு முழுக்க மக்கள் செத்த நத்தைகளுக்குள் ஈ.எம்.ஐ. கட்டிக் குடியிருக்கிறார்கள்.

மச்சானிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "நத்த செத்தா சிமெண்ட் ஆவுது. நாம செத்தா என்னடா ஆவோம்?" என்று கேட்டான்.

"ரேஷன் கார்டுல ஒரு பேரு கொறையும்."

"அதுக்கும் நாலு தடவ அலைய விடுவாங்களேடா, ஒங்க ஆளுங்க."

எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சான் மனைவி எனக்குத் தங்கை முறை. சிலிண்டரின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துண்ணே, மெதுவா. ஒங்களுக்கும் பிரஷர் இருக்கு. நீங்களும் படுத்துட்டீங்கன்னா ஒரு மிசினுக்கு ரெண்டு பேரு சண்ட போடணும்."

"அவனுக்கெல்லாம்... மூச்சு நிக்காது," உள்ளேயிருந்து மச்சான் குரல் வந்தது. இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தை அவன் இரண்டு தவணையில்தான் சொல்வான். "எழுதியே... ஊருக்கெல்லாம் காத்து விடுறவன்."

சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. மெஷின் நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு அடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி யாருக்கும் பிடிக்கவில்லை. சிலிண்டரில் குழாயை மாட்டி, மீட்டரை இரண்டில் வைத்து, மூன்று பேரும் மிச்சத்தைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எட்டு மணி நேரம் இந்த முள்ளப் பாத்துக்கிட்டு இருந்தா... அதுலயே செத்துருவேன்டா," என்றான். "மாப்ள, பரண்ல டிவி கேம் கெடக்குது. எடு. இன்வர்ட்டரு... அதத் தாங்கும்."

அந்த டிவி கேம், மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கறுப்புப் பெட்டி, அதில் செருகுவதற்கு ஒரு கேசட், இரண்டு ரிமோட். இரண்டு வீரர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடும் ஆட்டம் அது. நான் பத்தாவது படித்த வருடம் முழுவதும் நாங்கள் அதைத்தான் படித்தோம். ஆளுக்கு மூன்று உயிர். செத்தால் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு எழுந்து நிற்கலாம். அந்த வசதி வேறெங்கும் கிடையாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, இரண்டு பேர் ஆடும்போது ஒருவன் பின்தங்கினால் திரை நகராது. முன்னால் போனவன் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "வாடா, வந்து தொலடா" என்று மச்சான் என்னைத் திட்டியது தெரு முழுக்கக் கேட்கும். எப்போதும் பின்தங்குபவன் நான். இரண்டாவது, ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழி கிடையாது. மாமா வரும் சத்தம் கேட்டால் பாஸ் பட்டனை அழுத்திவிட்டு, டிவியை மட்டும் அணைப்போம். பெட்டி அணையாது. அதன் சிவப்பு லைட் தெரியாமலிருக்க மேலே ஒரு துண்டைப் போட்டுவிடுவோம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போட்டால் இரண்டு வீரர்களும் விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்கள், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால். எங்கள் ஊரில் போகாமல் இருந்ததே இல்லை. கடைசி கட்டத்தை நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பெட்டியைத் துடைத்து மாட்டினேன். திரையில் வெறும் புள்ளிகள்.

"ஊதணும்," என்றான் மச்சான்.

கேசட்டின் அடியில் ஊதினால்தான் படம் வரும். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே எலெக்ட்ரானிக்ஸ் அதுதான். தெருவில் யார் வீட்டுக் கேசட் மக்கர் பண்ணினாலும் மச்சானிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படி ஊதுவான். இப்போது நான் ஊதினேன். வரவில்லை. மறுபடி ஊதினேன். வரவில்லை.

"குடுறா இங்க." மூக்கில் குழாயோடு வாங்கினான். உதட்டருகே வைத்து ஒருமுறை முயன்றான். மெழுகுவர்த்தியின் சுடர்கூட அசைந்திருக்காது. கேசட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி அதன் முனையைக் கேசட்டின் அடியில் பிடித்தான்.

"அட, என்ன பண்றீங்க!" தங்கை ஓடிவந்து குழாயைப் பிடுங்கி மறுபடி மாட்டிவிட்டாள். "ஒங்களுக்கே பத்தல, அதுக்கு வேற ஆக்சிசனா?"

கேசட்டைச் செருகினேன். படம் வந்துவிட்டது. இரண்டு வீரர்கள் காட்டுக்குள் குதித்தார்கள்.

ஐம்பதை நெருங்கும் விரல்கள் பதினைந்து வயதை மறக்கவில்லை என்று எழுத ஆசைதான். என் விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன. முதல் பள்ளத்திலேயே இரண்டு முறை விழுந்தேன். மச்சான் மறக்கவில்லை. எந்த மரத்தின் பின்னாலிருந்து எவன் வருவான் என்று வருவதற்கு முன்பே சுட்டான். மதியம் சாப்பாட்டைத் தட்டிலேயே ஆறவிட்டோம். செத்து, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி செத்து, கடைசியில் நாங்கள் அதுவரை பார்க்காத ஒரு பனிமலைக்கு வந்தோம்.

"வாடா... வந்து தொலடா."

அவனுக்கு மூச்சு வாங்கியது. நான்தான் மீட்டரைத் திருகி இரண்டை மூன்றாக்கினேன். பனிமலையில் பாதி ஏறியபோது நாலாக்கினேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் முள்ளைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமலிருக்கத்தானே விளையாட உட்கார்ந்தோம்.

தங்கைதான் பார்த்தாள். "அண்ணே! முள்ளு சேப்புக்கு வந்துருச்சு!"

மணி மூன்றரை. கரண்ட் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. பெரம்பலூர் போய் இன்னொரு சிலிண்டர் எடுத்து வர அதற்கு மேலாகும். கடைக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடலாம் என்றேன். மச்சான் தலையை ஆட்டினான். போன தடவை போய்ப் பதினாறு நாள் படுத்துவிட்டு வந்தவன். இன்வர்ட்டரில் இருந்ததையும் காலையிலிருந்து டிவி தின்றிருந்தது, இனி மெஷினைத் தாங்காது. மீட்டரை ஒன்றரைக்கு இறக்கினோம்.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது," என்றாள் தங்கை. அழவில்லை. கோபத்தில் இருந்தாள். "பேசுனா செலவாவும்."

மச்சான் பாஸ் பட்டனை அழுத்தினான். நான் பெட்டியை அணைக்கக் குனிந்தபோது என் கையைப் பிடித்தான்.

"டிவிய மட்டும் அணை. அடுத்த வாரம்... வந்து முடிச்சிடலாம்."

துண்டை எடுத்து மேலே போட்டேன். அதன் பிறகு யாரும் பேசவில்லை. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணத் தொடங்கி, எண்ணப் பயந்து நிறுத்தினேன். மனித குலம் எப்படி அழியும் என்று நான் நிறையப் படித்திருக்கிறேன். விண்கல், வெப்பம், எந்திரம். எதிலும் இப்படிப் போட்டிருக்கவில்லை: நல்ல வெயில் நேரத்தில், மூன்று பேர் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு, பேசாமல்.

நாலே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னால் அது வந்து நான் பார்த்தது அன்றுதான். மெஷின் உறுமியது. துண்டைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு லைட் அணையாமல் இருந்தது. மச்சான் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்த வாரம் என்று சொன்னவன், அந்த வாரம் முடியும் முன்பே போய்விட்டான். கரண்ட் இருந்தது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, காலையில் காப்பி கேட்டிருக்கிறான். காப்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான் போனபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. கூடத்தில் பெரிய பிளக் ஒன்றுதான். ஆக்சிஜன் மெஷினைப் பிடுங்கிவிட்டு அதே பிளக்கில் ஐஸ் பெட்டியை மாட்டினார்கள். உறுமலும் ஏறக்குறைய அதேதான். கண்ணை மூடிக்கொண்டால் அவன் இன்னும் சிகிச்சையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, தரையில், துண்டுக்குள் லைட் எரிந்துகொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். எனக்கு இது. அரும்பாவூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் போன் சார்ஜரோடு குனிந்தார்.

"இத எடுத்துட்டுப் போட்டுக்கட்டுங்களா?"

"அத எடுக்காதீங்க."

"என்னங்க அது, துண்டு போத்தி வச்சிருக்கு?"

"வைஃபை," என்றேன்.

"அப்படீங்களா? பாஸ்வேர்டு என்னாங்க?"

தெரியாது என்றேன். மெய்தான்.

சாயங்காலம் எடுத்தோம். சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. பிணம் வாசலைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளுவார்கள். பெட்டி தரையில் இருந்தது. கூட வந்தவர்களைவிட வேகமாக நடந்தேன். துக்கம் தாளாமல் ஓடுகிறார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

கூடம் ஈரமாக இருந்தது. பெட்டி ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. ஒயர் பிடுங்கப்படாமல், துண்டு விலகாமல். தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அணைக்கலண்ணே," என்றாள். அன்று என்னிடம் அவள் பேசியது அவ்வளவுதான்.

பால் தெளித்ததற்கு மறுநாள் மத்தியானம், கூட்டம் குறைந்ததும், அவளே டிவியைப் போட்டாள். "முடிச்சிடுங்க. எத்தன நாளைக்குச் சூடாயிக்கிட்டே கெடக்கும்."

பனிமலையில் இரண்டு வீரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பாஸை எடுத்தேன். என் ஆளை ஓடவிட்டேன். கொஞ்ச தூரத்தில் திரையின் ஓரம் முட்டியது. திரும்பி வந்து அவன் ஆளுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களையெல்லாம் சுட்டேன். அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

"ஏண்ணே அங்கயே நிக்கிறீங்க?"

"அவன் வந்தாத்தாம்மா போவும்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த அவனுடைய ரிமோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எத அமுக்கணும்?"

காட்டினேன். அவன் ஆள் நடந்தான். துப்பாக்கியை மேலே பிடித்துக்கொண்டு, யாரையும் சுடாமல், சந்தைக்குப் போகிறவன்போல நடந்தான். திரை நகர்ந்தது. நாலைந்து அடி. எதிரே ஒரு குண்டு வந்தது. குனிய வைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"செத்துட்டாரா?"

"ம்."

"எந்திரிப்பாருல்ல? அன்னிக்கு எந்திரிச்சாரே."

"அது கடைசிம்மா."

அவள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. இப்போது என்னைப் பிடித்து நிறுத்த யாரும் இல்லை. நான் ஓட ஓடத் திரை தடையில்லாமல் நகர்ந்தது. அது அப்படி நகர்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த பள்ளத்தில் விழுந்தேன். வேண்டுமென்று விழவில்லை. எப்போதும் விழுகிற மாதிரிதான் விழுந்தேன். கறுப்புத் திரையில் ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

கடைசி கட்டத்தில் என்ன இருக்கிறது என்று போனில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் தேடவில்லை.

தங்கை எழுந்து பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள். "இன்னும் சுடுதுண்ணே," என்றாள். ஆறும்வரை கையை எடுக்கவில்லை.