அலமேலு கற்றுத்தராத பாட்டு

கல்வராயன் மலையில் ஒரு சரிவையே நான் ஓடவைத்திருக்கிறேன். சத்தியமாக! அப்போது எனக்கு ஏழு வயது.

எல்லாவற்றுக்கும் காரணம் சித்தி. கள்ளக்குறிச்சியில் நான் படித்த பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வதை நிறுத்த அவள் ஒரு திட்டம் கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு பாட்டு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், அதைப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டும், ஆண்டுவிழாவில் பக்கத்துப் பிள்ளையின் பாட்டைத்தான் பாட வேண்டும். வகுப்பே தலைகீழானது! சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன் கூழ் ஊற்றும் திருவிழாப் பாட்டை அலறினான். லாரி ஓட்டுபவரின் மகள் கிறிஸ்துமஸ் பாட்டுக்குக் கண்ணை மூடி உருகினாள்.

என் பக்கத்தில் அலமேலு. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நான் ஒரு நடவுப் பாட்டை முழுசாகக் கொடுத்தேன். அவள் கொடுத்தது மூன்றே வரி, கேட்டால் தூக்கம் வரும். எனக்கு வேண்டியது வேறு. ஒருநாள் விளையாடும்போது ஒரு பையன் ஊஞ்சலிலிருந்து விழுந்தான். உடனே அலமேலுவின் தொண்டையிலிருந்து ஒன்று புறப்பட்டது. கீழே தொடங்கி, நடுவில் உடைந்து, உச்சியில் போய் நின்று நடுங்கியது. பையனை மறந்துவிட்டு அவள் வாயையே பார்த்தேன்.

"அதக் கத்துக்குடுடி."

"அது பாட்டு இல்ல. சும்மால்லாம் கூப்புடக் கூடாது."

"போடி, கஞ்சப் பிசினாறி!"

குளியலறையில் பக்கெட்டுக்குள் தலையை விட்டு ஒரு வாரம் நானே பழகினேன். அம்மா கதவைத் தட்டி, "இன்னாடி, உள்ள நாய் ஏதாச்சும் பூந்துக்கிச்சா?" என்றாள்.

ஆண்டுவிழாவுக்கு முன் ஒத்திகை வேண்டுமே. சித்தி வகுப்பை வேனில் அள்ளிப்போட்டு, வெள்ளிமலையைத் தாண்டி அலமேலுவின் ஊருக்கே கூட்டிப்போனாள். போய் இறங்கினால் ஊரில் ஈ காக்கை இல்லை. எல்லாரும் மலைச்சரிவுக் கொல்லைக்காடுகளில் வேலையாக இருந்தார்கள். பாட நாங்கள் இருக்கிறோம், கேட்க ஆள் இல்லை. இதுதான் சமயம்! பாறைமேல் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழகியதை மொத்தமாக அவிழ்த்துவிட்டேன்.

எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் பதில் தந்தது. மேலிருந்து இன்னொன்று. அப்புறம் நாலாபக்கமும்! மலையே என்னோடு பாடுகிறது என்று குதித்தேன். பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். அரிவாளோடு பெண்கள், கம்போடு ஆண்கள், அடிபட்டவரைத் தூக்கிப்போக ஒரு கயிற்றுக்கட்டிலைத் தோளில் சுமந்த இரண்டு பேர், எல்லாரும் தலைதெறிக்க ஓடிவந்தார்கள்.

"யாருக்கு இன்னாச்சி? பாம்பா?" என்றபடி ஒரு அக்கா எங்கள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆபத்துக்குக் குடுக்கிற கொரலு. யாரு குடுத்தது?" மூச்சு வாங்கக் கேட்டவர் அலமேலுவின் அப்பா.

அலமேலு முன்னால் போய் நின்றாள். "நாந்தான்பா."

அவர் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் பக்கெட்டுக்குள் கத்தியவள் நான், இத்தனை கூட்டம் கூடியது என் குரலுக்கு, பேர் மட்டும் அவளுக்கா?

"பொய்! நாந்தான் பாடுனேன்! வேணும்னா இன்னொருவாட்டி பாடட்டா?"

என் காலைப் பிடித்திருந்த அக்காதான் முதலில் சிரித்தாள். "அய்யோ தாயி, வேணாம்! இன்னொருவாட்டி ஓடியாற எங்களால ஆவாது." கட்டிலை இறக்கிப் போட்டு, வந்தது வந்தோம் என்று அதிலேயே உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் கேட்டார்கள். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்!

சித்தி என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஏழு வயசுல தப்ப தைரியமா ஒத்துக்கினா பாருங்க" என்று அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டாள். எந்தத் தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பாராட்டு என்பதால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து இறங்கும்போது வேனில் அலமேலுவோடு நான் பேசவில்லை. என் பேரைத் தட்டிப்பறிக்கப் பார்த்தவள் அல்லவா? அவள் என்னை இரண்டு முறை பார்த்தாள். பிறகு எழுந்து, ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டாள். செய்த திருட்டுக்கு ஈடு கட்டுகிறாள் என்று நினைத்து, கள்ளக்குறிச்சி வரைக்கும் அதில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தேன்.