ஓடுகிற மெஷினுக்கு இரண்டு விரல்

இரண்டு சுட்டுவிரல்களையும் முகத்துக்கு நேரே நீட்டி ஒன்றையொன்று சுற்றவிட்டால் மெஷின் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரே ஒரு விரலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினால் ஷிப்ட் முடிந்தது, கிளம்பலாம். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தால் தூக்கம். காது மடலைப் பிடித்து இழுத்தால் மேஸ்திரி வருகிறார். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்த எங்களுக்கு இது இன்னொரு தாய்மொழி. மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் கையாலேயே பேசினோம், கையாலேயே சண்டை போட்டோம், ஒருத்திக்கு மாப்பிள்ளைகூடப் பேசி முடித்தோம். மேஸ்திரிக்கு ஏன் காது என்றால், யாராவது ஒரு பெண்ணின் காதைத் திருகாமல் அவர் எங்கள் பக்கத்தைக் கடந்து போனதே கிடையாது.

அவர் நல்ல உயரம். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சீப்பு. இரைச்சல் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பிடுங்கித் தரையில் போட்டு, "மகாராணிக்கு மெஷினு சத்தம் கசக்குதோ?" என்று கேட்பார். கேட்பார் என்று நாங்கள்தான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

என் அக்கா பஞ்சு சீவும் மெஷினில் நின்றாள். உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும், மேஸ்திரிக்கு மேலே இருந்து திட்டு விழும். அன்றைக்குப் பஞ்சு சுற்றியதும் அக்கா சுவிட்ச் பக்கம் போனாள். அவர் எதிரே நின்று இரண்டு விரல்களைச் சுற்றிக் காட்டி, அப்புறம் கையால் பிடுங்குவது போலக் காட்டினார். ஓடட்டும், ஓடும்போதே எடு. அக்கா எடுக்கப் போனாள். வலது கையில் சுட்டுவிரலும் அடுத்த இரண்டும் உள்ளேயே போய்விட்டன. நான் அப்போது வேறு ஷிப்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில்தான் அவளைப் பார்த்தேன்.

ஆபீசில் விசாரித்தார்கள். விசாரித்தவர் நாகரிகமான மனுஷன், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துத்தான் கேட்டார். "மேஸ்திரி வாயைத் திறந்து எடுன்னு சொன்னாராம்மா?" அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "வாயால சொல்லலங்கய்யா" என்றாள். அவ்வளவுதான். கையால் சொன்னார் என்று அவள் தொடர்வதற்குள் அவர் தலையை ஆட்டி முடித்துவிட்டார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாளாம். அதில் காட்டுவதற்கு என்ன இருந்தது? கை அசைத்ததற்குச் சத்தமும் இல்லை, சாட்சியும் இல்லை. மேஸ்திரியோ நல்ல தெளிவாக வாயைத் திறந்து, "தூங்கிட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல் ஊருக்கு எங்கள் பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. தூங்கிக் கையை விட்டவள். பெண் பார்க்க வந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள். கட்டிக்கொண்ட வீட்டில் குழம்பு அடிப்பிடித்தாலும் அதையேதான் சொன்னார்கள். அக்கா பகலில் படுப்பதையே விட்டுவிட்டாள். காய்ச்சல் கொதிக்கும்போதும் சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அவரைக் கொல்ல வேண்டும் போல இருக்கும்.

மில் மூடிச் சில வருஷங்கள் ஆகின்றன. இடத்தைப் பிளாட் போடப் போகிறார்கள் என்று போன மாதம் கேள்விப்பட்டோம். வாட்ச்மேனாக அங்கே தங்கியிருப்பது அந்த மேஸ்திரிதான் என்றும் சொன்னார்கள். "இடிக்கிறதுக்குள்ள ஒருக்கா போயிட்டு வருவோம் பிள்ள. நான் தூங்கலன்னு அந்தாளு சொல்லணும். ஊருக்குச் சொல்ல வேணாம், என்கிட்ட சொன்னாப் போதும்" என்றாள் அக்கா.

காலைப் பஸ்ஸில் போனோம். கேட் திறந்து கிடந்தது, ஆளைக் காணவில்லை. உள்ளே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஷெட் வாசலில் பழக்கதோஷத்தில் இரண்டு பேருமே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புறா எச்சத்தின்மேல் வெறுங்காலோடு நடந்தோம். மெஷின்களை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தரையில் போல்ட்டுகள் மட்டும் முளைத்திருந்தன. தூணில் கடைசி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கூரைக் கம்பிகளில் பழைய பஞ்சு தொங்கியது, அசையவே இல்லை. ஆனால் என்னைக் கலங்கடித்தது இவை எதுவும் இல்லை. தரை அதிரவில்லை. நாங்கள் நின்ற காலமெல்லாம் அந்தத் தரை உள்ளங்கால் வழியாகப் பல்வரைக்கும் அதிரும். இப்போது செத்த உடம்பைத் தொட்டது மாதிரி சில்லென்று கிடந்தது.  போய்விடலாம் என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கைதான் எழுந்தது. அவளும் கையாலேயே வேண்டாம் என்றாள். அப்புறம் என் பின்னால் பார்த்துவிட்டுத் தன் காது மடலை இழுத்தாள்.

திரும்பினேன். அவரேதான். உயரம் பாதியாகக் குறைந்திருந்தது, சட்டைப் பையில் சீப்பு இல்லை. "யாரது? என்ன வேணும்?" என்றார், ஊருக்கே கேட்கிற சத்தத்தில். நான் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். "காது போச்சு தாயி. சுத்தமா போச்சு. மில்லுப் பிள்ளைகளா? கையால சொல்லுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பிடுங்கிப் போட்ட பஞ்சுக்கெல்லாம் சேர்த்துக் கடவுள் கொடுத்தார் என்று நினைத்தேன்.

அக்கா முன்னால் போனாள். தன்னைக் காட்டினாள். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்து, இல்லை என்று அசைத்தாள். பிறகு அவரைக் காட்டினாள். மெஷின் ஓடுகிறது என்று சொல்ல இரண்டு கைகளையும் தூக்கினாள். இடது சுட்டுவிரல் சுற்றியது. வலது பக்கம் சுற்ற விரல் இல்லை.

சுற்றுகிற ஒற்றை விரலை அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஷிப்டா? அது முடிஞ்சு எம்புட்டு வருஷமாச்சு தாயி!" என்றார்.

அக்கா மறுபடி சுற்றினாள். அவர் மறுபடி சிரித்தார். "கைய ஒழுங்காக் காட்டு பிள்ள." என்னால் தாங்க முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்று என் வலது சுட்டுவிரலை நீட்டினேன். அவளுடைய ஒன்று, என்னுடைய ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சுற்றின. அக்கா இடது கையால் பிடுங்கிக் காட்டினாள். திரும்பவும் அவரைச் சுட்டினாள்.

சிரிப்பு நின்றது. அவர் அக்காவின் வலது கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. அங்கே பார்க்க யாரும் இல்லை, இழக்க மேஸ்திரி வேலையும் இல்லை, கேட்க ஆபீசும் இல்லை. சொல்லிவிடுவார் என்றுதான் நானும் நம்பினேன். அவர் கையைத் தூக்கினார். அவசரமே இல்லாமல் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, தலையைச் சாய்த்து, கண்ணையும் மூடிக் காட்டினார்.

"சரி, கேட்டப் பூட்டணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டோம்.  பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை, வெயிலில் நின்றோம். செத்த நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அக்காவின் இடது சுட்டுவிரல் இடுப்போரமாக, தனியாக, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.