ராகிக் காவலும் கரியாவின் காதும்

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட மூத்தது கரியாதான் என்று அப்பா சொல்வார். நாய்க்கு ஒரு வருஷம் என்றால் மனிதனுக்கு ஏழு வருஷம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் கரியா எண்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு வயது பத்து. ஜவளகிரியில் மாமாவின் நிலத்தில் பிறந்து, அம்மா கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது பீரோ, கட்டில், பாத்திரங்களோடு கூடவே வந்து சேர்ந்த நாய் அது. பெயர்தான் கரியா. எனக்கு விவரம் தெரிந்தபோதே மூஞ்சியெல்லாம் நரைத்து, மாவு மில்லுக்குள் நுழைந்துவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

அப்பா ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். நாள் முழுக்க உதிரி பாகங்களை அளந்து, தேறுவது, தேறாதது, திருத்தினால் தேறுவது என்று பிரிப்பது அவர் வேலை. கரியா கூடத்தின் நடுவில் மூத்திரம் போய்விட்டு, ஏதோ நாங்கள் செய்த தப்பு போல எங்களைப் பார்க்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா பழைய துணியோடு வந்து உட்கார்ந்து, "இது ரிஜெக்ட் பீஸ் இல்ல. ரீவொர்க்ல இருக்குது" என்பார். அந்த ரீவொர்க் இரண்டு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

கரியாவுக்குப் பல் போய்விட்டதால் ராகிக் களியைப் பாலில் கரைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. வாசலில் மூன்று படி. அதைத் தூக்கி இறக்குவதும் நான்தான். பிறகு தெருமுனை வரை ஒரு நடை. நூறடி தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கரண்ட் கம்பத்திடமும் அதற்கு விசாரிக்க ஏதாவது இருக்கும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத் தெருவே ஓடிக்கொண்டிருக்க, எங்கள் இருவருக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. விடுமுறை நாட்களில் மதியம் என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கும். கால் மரத்துப்போனாலும் நான் இழுக்க மாட்டேன். அந்தப் பாரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வருஷா வருஷம் தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் புகுந்து இரண்டு நாள் வெளியே வராத நாய், அந்த வருஷம் மட்டும் வாசலிலேயே கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் லட்சுமி வெடி வெடித்தது, மீசைகூட அசையவில்லை. "வயசானா பயம் போயிடும்போல" என்றார் அப்பா. எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கத்தினேன், கை தட்டினேன், பிரஷர் குக்கர் மூடியைத் தரையில் போட்டேன். கரியா தூங்கியது. அதற்குச் சுத்தமாகக் காது கேட்கவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், மாடியில் இருந்த ஹவுஸ் ஓனரம்மா. வாடகை வீட்டில் நாய் கூடாது என்பதில் கண்டிப்பானவர். தெருவில் பைக்குகளில் யாரோ பெட்ரோல் உருவிக்கொண்டு போன பிறகுதான் மனசு இறங்கினார். அப்போதும் கன்னட வாடை வீசும் தமிழில் ஒரு நிபந்தனை போட்டார்: "கொரைக்கிற நாய்னா இருக்கட்டும். கொரைக்காத நாய் என்னாத்துக்கு?"

ஆகவே கரியாவின் காதாக நானே வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளி விட்டு வந்ததும் அதன் பக்கத்தில் வீட்டுப்பாட நோட்டோடு உட்கார்ந்துகொள்வேன். கேட் சத்தம் கேட்டால் கால் கட்டைவிரலால் அதன் முதுகில் இரண்டு அமுக்கு. கரியா திடுக்கிட்டு எழுந்து, முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கும். ஒருநாள் பால்காரர் கேட்டைத் திறந்து வர, அது தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ஆவேசமாகக் குரைத்தது. பால்காரர் தொட்டியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். மற்றபடி என் திறமையில் எனக்கு அசாத்திய நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஆபத்து ஜவளகிரியிலிருந்து வந்தது. ராகி முற்றும் சமயத்தில் காட்டிலிருந்து யானைகள் நிலத்துக்குள் இறங்கும். அறுப்பு முடியும்வரை பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும். பிறந்த மண் என்பதால் யானை வாசனை கரியாவுக்கு அத்துப்படி. கொடுத்த சீரை மாமா ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. நாயை மட்டும் வருஷத்துக்கு இரண்டு மாதம் இரவல் வாங்கிப்போவார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அந்த வருஷமும் போன் செய்தார்.

நான் வசமாக மாட்டிக்கொண்டேன். காது கேட்கிறது என்றால் மாமா கொண்டுபோய் யானைக்கு முன்னால் விட்டுவிடுவார். கேட்கவில்லை என்றால் ஹவுஸ் ஓனரம்மா தெருவில் விட்டுவிடுவார். யோசித்து யோசித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மா எனக்கு மந்திரித்துத் திருநீறு போட்டாள்.

ஞாயிறு காலை மாமா ஓசூர் மார்க்கெட்டில் முட்டைக்கோஸை இறக்கிவிட்டுத் தன் குட்டி யானை வண்டியில் வந்தார். யானையை விரட்டப்போகும் நாய் எப்போதும் குட்டி யானையில்தான் போகும் என்று அப்பா வழக்கம்போலச் சிரித்தார். நேரம் பார்த்து ஹவுஸ் ஓனரம்மாவும் கறிவேப்பிலை கேட்டுக் கீழே இறங்கி, படியிலேயே உட்கார்ந்துகொண்டார். மாமா காப்பியைக் குடித்து முடித்து, "கெளம்பலாமா கரியா?" என்று எழுந்தார்.

சமையலறைக்கு ஓடி ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, கரியாவின் காதருகே டண்டணக்காவென்று அடித்தேன். தெருவில் போனவர்கள் நின்றார்கள். கரியா ஒரு கொட்டாவி விட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

"இதுக்குக் காது கேக்காது மாமா. யானை வந்தா மிதிச்சிடும். அனுப்ப மாட்டன்." சொல்லிவிட்டு அழுதேன். பிறகு நினைவு வந்து, ஹவுஸ் ஓனரம்மாவைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதக்கெ கிவி கேளிசல்ல, காது கேக்காதுன்னு எனக்கும் தெரியும்மா" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். "நீ காலால அமுக்கறதத்தான் மாடியிலருந்து தெனம் பாக்கறனே. நாய் கொரைக்கலன்னா என்ன, காவலுக்குத்தான் நீ இருக்கியே."

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஊரறிந்த ரகசியத்தை நான் ஒருத்திதான் பாடுபட்டுக் காப்பாற்றியிருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "போன வருசக் காவல்லயே அதுக்குக் கேக்கல பாப்பா."

"தெரிஞ்சிமா கூப்புட வந்தீங்க? கொரைக்காதே!"

"கொரைக்க வேணாம். சும்மா கூட இருக்கட்டுமேன்னுதான்."

அம்மா காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள். "உங்க பெரிய பையன் காவலுக்கு வர்றதில்லியாண்ணா?"

"அவனுக்கு எங்கம்மா லீவு? சின்னவனும் போன மாசம் இங்கியே கம்பெனில சேந்துட்டான். ரூம் எடுத்துத் தங்கியிருக்கானுங்க."

அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். நான் விடவில்லை. பனி அதிகம், பல் இல்லை, படி இறங்காது, களியைக் கரைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "செரி பாப்பா, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று தரையில் உட்கார்ந்து கரியாவின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். காதுக்குப் பின்னால் விரலை விட்டு வெகுநேரம் துழாவினார். உண்ணி பார்க்கிறார் என்று நினைத்தேன். நேற்றுத்தான் எடுத்தேன் என்றுகூடச் சொன்னேன்.

கரியா அதன் பிறகு இரண்டு வருஷம் எங்களோடு இருந்தது, நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கி, ஒரு மத்தியானம் அப்படியே போய்ச்சேர்ந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஞாயிறு மட்டும் அவ்வப்போது வந்து நிற்கிறது.

வண்டி வரை மாமாவை வழியனுப்ப நான்தான் துள்ளிக்கொண்டு போனேன். எனக்கு வெற்றி. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கரியா படுப்பதற்கென்று கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருந்தார். அதை எடுத்து என்னிடம் கொடுத்து, "குளிருக்குப் போத்திவுடு" என்றார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. நல்லதாகப் போயிற்று, மாமா தாராளமாக உட்கார்ந்து போவார் என்று நினைத்துக்கொண்டு கை காட்டினேன்.