மேகம் மறைத்த ராணி

கல்யாணமாகி இருபது வருஷம், ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே நான் ராஜாவாக இருந்தேன். துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் எப்படி ராஜா ஆனான் என்றால், பேசாத படம் எடுத்த காலத்தில் ஒரு படத்தில் ராஜாவாக நடித்ததாகப் பெண் பார்க்கப் போன அன்றே அளந்துவிட்டேன். நடித்தது உண்மை. ஆனால் ராஜாவாக இல்லை, ராணியாக. அப்போதெல்லாம் படத்தில் நடிக்கப் பெண்கள் வரமாட்டார்கள். மீசை முளைக்காத என்னைப் பிடித்துப் புடவை சுற்றிவிட்டார்கள்.

மற்றபடி நான் சொன்ன கதையெல்லாம் சுத்தமான நிஜம். வெட்டவெளியில், வெயிலை நம்பித்தான் படம் எடுத்தோம். நடுவில் மேகம் வந்து மறைத்தால் டைரக்டர், "அசையாதே" என்று கத்துவார். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும். "வெயில் வந்தாச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சே விடலாம். வீட்டில் சோறு பிசையும்போது திடீரென்று சிலையாகி இதை நடித்துக் காட்டுவேன். "வெயிலு வந்துடுச்சி, துன்னு" என்பாள் மனைவி.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், பழைய படச்சுருள்களோடு ஊர் சுற்றும் ஒருவர் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்புக் கிடங்கைப் பிடித்து, ஜன்னல்களில் கோணி கட்டி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் காட்டினார். நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். நான் நடித்த அதே படம். தலைவலி, இடுப்புவலி, பேதி என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். மனைவி அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டிருந்தாள்.

ஒரே தைரியம், படத்தில் ராஜாவுக்குக் கண் வரைக்கும் தாடி. அது நான்தான் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? ராஜா திரையில் வந்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டேன்.

"இன்னாயா, மூக்கு வேற மாதிரி கீது?" என்றாள் மனைவி.

"வயசானா மூக்கு மாறும்" என்றேன்.

பிறகு ராணி வந்தாள். செத்துப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழும் கட்டம். குழந்தை என்பது துணி சுற்றிய தலையணை. கிடங்கிலிருந்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது நான் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அந்த வயிற்றெரிச்சலில் வேர்க்கடலையை வேகவேகமாகத் தின்றேன். திடீரென்று திரை இருண்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய மேகம். கேமராக்காரர் கைப்பிடி சுற்றுவதை நிறுத்த மறந்திருக்கிறார். ராணி, குழந்தையின் கன்னத்துக்கு நீட்டிய கையோடு அப்படியே உறைந்துபோனாள்.

வெயில் வந்து ராணி மறுபடி அசைந்தபோதுதான் கவனித்தேன். நானும் உறைந்து போயிருந்தேன், கடலையோடு கை வாய்க்குப் பாதி வழியில். மனைவி திரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தாள். சிரிப்பாள், தெருவெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவாள் என்று காத்திருந்தேன். சமாளிக்க நாலைந்து பொய்களும் தயாராக வைத்திருந்தேன்.

"தலகாணிக்கு அப்டி அழுதுகீறே" என்றாள் மெதுவாக. "நம்ம பொண்ணு போனப்ப ஏன்யா ஒரு சொட்டு வுடல?"

எங்கள் மூத்த பெண் பிறந்த ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள். மூலகொத்தளத்தில் புதைத்துவிட்டு மறுநாளே வேலைக்குப் போனவன் நான். ராஜாவாவது அழுவதாவது என்ற நினைப்பு. உள்ளே அவள் தனியாக அழுததை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தயாராக வைத்திருந்த பொய்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. டீ டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"வெயிலு வந்துடுச்சி" என்றாள்.

அழுதேன். ராணியின் அழகு அதில் கொஞ்சமும் இல்லை. மூக்கு ஒழுகியது, விக்கல் எடுத்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.