பேராசிரியருக்காக நான் எழுதிய நோயாளி

வல்வெட்டித்துறைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த அப்பாவின் வள்ளத்தில் சாய்ந்துகொண்டுதான், கைபேசித் திரையில் என் முதல் மனநோயாளியைச் சந்தித்தேன். கொரோனாவால் மருத்துவ மாணவர்களை ஆஸ்பத்திரி வாட்டுக்குள் விடாத காலம் அது. பேராசிரியர் உளமருத்துவப் பயிற்சியைச் சூமுக்கு மாற்றியிருந்தார். ஓர் இளம் மருத்துவர் மனச்சோர்வுற்ற பெண்ணாக நடிப்பார். நாங்கள் ஒவ்வொருவராக அவரை விசாரிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கரையில்தான் கிடைக்கும், கடற்காற்றின் இரைச்சலோடு.

என் முறை வந்தது. அந்தப் பெண் இறந்த குழந்தையைப் பற்றிச் சொல்லி அழத் தொடங்கினாள். அழுது முடிக்கட்டும் என்று பேசாமல் காத்திருந்தேன். பேராசிரியர் குறுக்கிட்டார்.

“என்ன பிள்ளை, மீன் பிடிக்கிறீரோ? கரையில இருக்கிற ஆக்களுக்கு உந்தப் படிப்புச் சரிவராது.”

வகுப்பே சிரித்தது. அழுதுகொண்டிருந்த நோயாளியும் சிரித்தாள். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா, காது கேளாதவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தவர்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அப்பா குனிந்ததை மன்னிக்க முடியவில்லை.

இன்று நான் அதே துறையில் விரிவுரையாளர். இணையப் பயிற்சி நிலைத்துவிட்டது. நடிக்கும் நோயாளிகளுக்குக் கதை எழுதுவது என் பொறுப்பு. இந்த வருடம், ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியரை ஒரு வகுப்புக்கு விருந்தினராக அழைத்தேன். அழைப்பை மிகப் பணிவாக எழுதினேன். நோயாளியின் கதையை அதைவிடக் கவனமாக எழுதினேன்: பெற்ற பிள்ளைகளே முகம்கொடுத்துக் கதைக்காத ஒரு வயதான ஆசிரியர். நடித்தவர் நெல்லியடி நாடகக்காரர் ஒருவர். விசாரித்த மாணவி ஒரு கணம் மௌனமாக இருந்ததும், நாடகக்காரர் நான் எழுதிக் கொடுத்தபடியே கேட்டார்: “என்ன பிள்ளை, மீன் பிடிக்கிறீரோ?”

திரையின் மூலையில் பேராசிரியரின் முகம் அசையவில்லை. பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைத்து, நோயாளிக்கு என்ன நோய் என்று மாணவியிடம் கேட்கும்படி வேண்டினேன். கேட்டார்.

“வருத்தம் எண்டு ஒண்டும் இல்லை, சேர்,” என்றாள் மாணவி. “மற்றவையைச் சிறுமைப்படுத்திறது இவருக்குப் பழகிப்போச்சு. அதுக்கு எங்களிட்டை மருந்து இல்லை.”

பேராசிரியருடைய கமரா அணைந்தது. பின்னேரம் தொலைபேசியில் அழைத்தார்.

“வேணுமெண்டுதான் செய்தனீரோ?”

சமாளிக்க எத்தனையோ வழிகள் இருந்தன. ஒன்றையும் நான் தேடவில்லை.

“ஓம், சேர்.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.