சம்மந்தியின் இடது பாதம்

என் மகளின் மாமனார் இன்று இடது பாதத்தை இழுத்து இழுத்து நடப்பதற்கு நான்தான் காரணம். முதுகெலும்பில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தியது என்று டாக்டர் சொன்னது உண்மைதான். ஆனால் அவரை டாக்டரிடம் போகவிடாமல் நிறுத்தியது என் பொய்.

மருமகளின் பிரசவத்துக்காக என் மனைவி மகனிடம் வெளிநாடு போயிருந்தாள். நான் ஜோகுபாளையம் வீட்டைப் பூட்டிவிட்டு, அதே ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் இருந்த மகள் வீட்டில் சில மாதம் தங்கினேன். சம்மந்தியும் அங்கேதான் இருந்தார். இதே ஊரின் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர், தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அந்த மரியாதைக்காகவே தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்.

அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் காலையில் யோகா வகுப்பு நடக்கும். இருவரும் சேர்ந்தே போவோம். சொல்லிக் கொடுத்த பெண் தினமும் முதலில் கேட்பாள்: "யாருக்காவது முதுகு வலி இருந்தா கை தூக்குங்க. குனிய வேண்டாம், வேற ஆசனம் குடுக்கறேன்."

எனக்கு இருந்தது. குளியலறையில் ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வகுப்புக்கே போவேன். பெண் கொடுத்த வீட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்ற வீம்பு. கை தூக்கமாட்டேன். சம்மந்தி ஒரு கணம் என் பக்கம் பார்ப்பார். அவர் கையும் மடியிலேயே இருக்கும்.

கால் நீட்டிக் குனிந்தால் என் விரல்கள் பாதத்தைத் தொடும். அவருடையவை முழங்காலோடு நின்றுவிடும்.

"எப்பிடி சம்மந்தி இந்த வயசுல ரப்பர் மாதிரி வளையறீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"எனக்கும் முதுகு வலி இருந்ததுங்க. விடாம செஞ்சேன், போயே போச்சு."

"நாங்க இரும்பைத்தான் வளைச்சோம். எங்களை வளைக்கத்தான் ஃபேக்டரியில மெஷின் வாங்கி வெக்கல" என்று சிரித்தார்.

பிறகு ஒரு காலை, லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ரொம்ப பேஜாரா இருக்குது சம்மந்தி. இடுப்புல இருந்து கால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது. பெருவிரல் மரத்துப் போவுது. டாக்டரைப் பாத்துரலாமா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"நரம்பு இளகுதுங்க. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்பப் போனா ஆபரேஷன்னுதான் சொல்வாங்க. கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்குங்க."

"படிச்சவரு சொல்றீங்க. சரியாத்தான் இருக்கும்."

எனக்கு விரல் மரத்ததே இல்லை.

அடுத்த சில நாட்களுக்குள், வகுப்பில் குனிந்தவர் நிமிரவில்லை. கைகளை முழங்காலில் ஊன்றியபடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். தூக்கலாமென்று அவர் அக்குளில் கை கொடுத்தேன். என் முதுகு பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அறுவை சிகிச்சையில் வலி போயிற்று. பாதம் மட்டும் மேலே எழவில்லை. விரல் மரத்தபோதே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?" என்று மருமகன் கேட்டபோது நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"தோணலடா" என்றார் சம்மந்தி. என்னைப் பார்க்கவில்லை.

மனைவி திரும்பி வந்ததும் ஜோகுபாளையத்துக்குப் போய்விட்டேன். அங்கே தூக்கம் வரவில்லை. மகளும் மருமகனும் ஆபீஸ் போயிருந்த ஒரு மதியம் வைட்ஃபீல்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மாத்திரை உட்பட. அவர் பாதத்துக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இப்பவும் மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"சாப்ட்டுட்டுப் போடுங்க. வயித்தைப் புண்ணாக்கிரும்." பட்டையின் வாரை இறுக்கிவிட்டு, "எம் மருமக காதுக்கு இது போவ வேணாம். அது இந்த வீட்ல தலை நிமிந்து நடக்கணும்" என்றார்.

பிசியோதெரபிக்கு இனி நானே கூட்டிப் போகிறேன் என்றேன்.

"வேணாம் சார். பையன் பாத்துக்குவான்."

கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவர் என்னை சம்மந்தி என்றுதான் கூப்பிட்டிருந்தார். அன்றிலிருந்து சார். வாங்க சார், காபி குடிங்க சார். குரலில் கோபம் இல்லை. இருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லலாம். ஒவ்வொரு வாரமும் போகிறேன், பழம் வாங்கிப் போகிறேன், பக்கத்தில் உட்காருகிறேன். அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பார், விருந்தாளிக்குச் செய்வதுபோல.

போன வாரம் மகள் சமையலறையில் கேட்டாள்: "ஏம்ப்பா, மாமா உங்களைப் போய் சார்னு கூப்பிடறாரு?"

"வாத்தியாரா இருந்தவன்தானேம்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். ஹாலில் அவர் எழுந்து நடக்கும் ஓசை கேட்டது.