முருகன் ஏறிய பஸ்

பசறை தாண்டி மலை ஏறும் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் போனுக்கு உயிர் வரும்; அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலையில் பஸ் அந்த வளைவில் நின்றுகொண்டிருந்தது. பழுது ஒன்றுமில்லை. கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு அக்கா கையைத் தூக்கிக் காட்டியபடி ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை டிரைவர் அண்ணன் என்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் பஸ்ஸுக்குள் இருந்த அத்தனை போன்களும் ஒன்றாகக் கூவின. எல்லோருக்கும் ஒரே படம். பஸ் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு மயில். அதன் கீழே, ‘மாம்பழப் போட்டியில் முருகன் ஏன் தோற்றார்? மயிலுக்குச் சுகமில்லை என்று எங்கள் தோட்டத்து பஸ்ஸில் ஏறிவிட்டார்.’

உலகத்தை முதலில் சுற்றி வருகிறவருக்கே பழம் என்றதும் முருகன் மயிலேறிப் பறக்க, பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்ட கதை தெரியாதவர் அந்த பஸ்ஸில் யாரும் இல்லை. சிரிப்பு பின் சீட்டில் தொடங்கி, ஒவ்வொரு சீட்டாக முன்னுக்கு வந்து, டிரைவர் அண்ணனின் முதுகில் போய் முட்டி நின்றது. வட்ஸ்அப் இல்லாத ஒரே ஆள் அவர்தான். கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். யாரோ ஒரு புண்ணியவான் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டான். அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். “சிரிங்க, சிரிங்க. நடந்து ஏறியிருந்தா சிரிக்க மூச்சு இருந்திருக்காது” என்றார். கையைக் காட்டி வந்த அக்கா ஏறியதும் பஸ் நகர்ந்தது.

எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கண்ணுக்கு முன்னால் ஒரு மேடை எழுந்துவிட்டது. பஸ் சீட்டுக்குப் பதில் இரண்டு வரிசை வகுப்பறைக் கதிரைகள், நடுவே ஒரு வழி, கையில் வேலோடு நிற்க இடமில்லாமல் ஒரு முருகன். நான் இதே மலைநாட்டில், பூனாகலையில் பிறந்தவள். கம்பஸில் அரங்கியல் படித்துவிட்டு, இந்தத் தோட்டப் பாடசாலைக்கு நாடகம் படிப்பிக்க வந்து அப்போது ஒரு பள்ளித் தவணைகூட ஆகவில்லை. அந்த வயதில், அந்தப் படிப்பு முடித்த கையோடு, எதைப் பார்த்தாலும் அது மேடையாகத்தான் தெரியும். வழியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தைக் கண்டால்கூட, எங்கே வெளிச்சம் போடலாம் என்று யோசிப்பேன். பஸ் பாடசாலை வாசலுக்கு வருவதற்குள் முதல் காட்சி மனதில் எழுதி முடிந்திருந்தது.

டிரைவர் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஐம்பதைத் தாண்டியவர்; மீசை மட்டும் இருபதில் நின்றுவிட்டது. அதற்கு அடிக்கும் மையின் கறுப்பு காட்டுப் பன்றிக்குக்கூட வாய்க்காது. பஸ் நிற்கிற இடமெல்லாம் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார். கழுத்துத் துவாய் எப்போதும் வெள்ளை. பதுளைக்கும் தோட்டத்துக்கும் நடுவே தன்னைப் போல் வண்டி ஓட்டுகிறவன் இல்லை என்று தானே சொல்வார். வேறு யாரும் சொல்வதற்கு அவகாசம் தரமாட்டார். எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று யாராவது கேட்டால், “போய்ச் சேந்ததும் சொல்றேன்” என்பார். காரணம் எளிது. வழியில் வரிசை வீடுகளாக இருக்கிற லயத்து வாசலில் ஒரு தலை தெரிந்தாலும் நிறுத்துவார். தலைக்குரியவர் இன்னும் தலைசீவிக்கொண்டிருந்தாலும் நிறுத்துவார். ஒருமுறை நான் பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை ஹோர்ன்கூட அடிக்காமல் நின்றது அந்த பஸ். அன்றைக்கு மட்டும் எனக்கு அது தாமதமாகத் தெரியவில்லை.

தரம் பத்துப் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டி நாடகம் போடலாமா என்றேன். இடைவேளைக்குள் பாதி வசனம் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். கண்டக்டராக நடிக்க ஒரு பெண்பிள்ளை தானாகவே எழுந்து வந்தாள்; காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, கதிரைக்கும் கதிரைக்கும் நடுவே உடம்பை ஒடுக்கி நடந்தபடி, “பின்னுக்குப் போங்க, பின்னுக்குப் போங்க. சாமி, அந்த வேல கொஞ்சம் மடக்கிப் புடிங்க, ஆளு கண்ணுல குத்திரும்” என்றாள். அந்த வரியை நான் எழுதியதாகப் பிறகு பலர் பாராட்டினார்கள். நானும் மறுத்துக்கொண்டேதான் வந்தேன், கொஞ்சம் மெதுவாக. வகுப்பிலேயே ஒல்லியான பொடியன் பிள்ளையார் வேஷத்துக்குக் கேட்டான். வயிற்றுக்குத் தலையணை கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தான். மாம்பழம் நிஜமானதா என்று மட்டும் இரண்டு முறை விசாரித்தான்.

கலை விழாவுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், பஸ்ஸைப் பாடசாலை வாசலில் நிறுத்திவிட்டு டிரைவர் அண்ணன் ஆசிரியர் அறைக்கே வந்தார். சீப்பு எடுக்கவில்லை, அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது. அந்தப் படம் பதுளையில் இருக்கிற முதலாளியின் போனுக்கும் போயிருக்கிறது. பஸ் முதலாளி பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர். சிரிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் தன் பஸ்ஸைப் பார்த்து ஊர் சிரிப்பது வேறு. இன்னொரு தடவை தாமதம் என்று காதில் விழுந்தால் சாவியை இளந்தாரி ஒருவன் கையில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த முதலாளிதான் விழாவுக்கு ஒலிபெருக்கியும் திரைத் துணியும் தந்தவர். முன் வரிசையில் நடுக் கதிரை அவருக்குத்தான்.

“அந்தப் படத்த ஆளுக்கு ஆளு போன்ல பாத்துட்டு அழிச்சிருவாங்க டீச்சர். நீங்க மைக்க வச்சு, லைட்ட போட்டு, மொதலாளி முன்னுக்கு நடிச்சுக் காட்டப் போறீங்க. நான் இந்த சீட்ட விட்டா வேற எங்க போய் உக்காருவேன்?” என்றார்.

நான் நாடகத்தை நிறுத்தவில்லை. இது அன்பில் வருகிற கிண்டல், பார்த்தால் உங்களுக்கே புரியும் என்று என் படிப்பையெல்லாம் திரட்டிச் சொன்னேன். பாதி அவருக்குப் புரியவில்லை. மீதி எனக்கே புரியவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மேடை டிரைவரின் மீசை நல்ல கறுப்பாக இருக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். வெளியே போனவர் திரும்பி வந்து, “கீழ்ப் பக்கம் தொங்கக் கூடாது” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

விழா அன்று தோட்டம் முழுவதும் வந்திருந்தது. மேசைகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்ட மேடை. சிவனும் பார்வதியும் பழத்தைக் காட்டிப் போட்டியை அறிவிக்கிற வரை எல்லாம் நான் எழுதியபடி நடந்தது. பிறகு மயிலுக்குச் சுகமில்லை என்று சொல்லிக்கொண்டு முருகன் உள்ளே வந்தான். அங்கேதான் என் படிப்பில் இல்லாத ஒன்று நடந்தது. காமன் கூத்தில் சாமி வேஷம் கட்டினவனைச் சாமியாகவே பார்த்துப் பழகின ஊர் அது. நானும் அதே மண்ணில் பிறந்தவள்தான், எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. பெண்கள் வரிசை முழுவதும் எழுந்து கும்பிட்டது. ஒரு அம்மா எங்கிருந்தோ கற்பூரம் எடுத்து மேடை விளிம்பில் ஏற்றினார். முருகனின் கிரீடம் முழுக்கக் காகித மட்டையும் மினுக்குத் தாளும். பாடசாலை அதிபர் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார்.

கற்பூரம் அணைந்ததும் முருகன் பஸ் ஏறினான். கண்டக்டர் பிள்ளை தன் வரியைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. “சாமி நிக்கிது, இவனுங்க உக்காந்திருக்கானுங்க. எந்திரிங்கடா” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பயணிகளாக நடித்த பிள்ளைகள் பயந்துபோய் ஒருவர் விடாமல் எழுந்தார்கள். மேடையில் இரண்டு வரிசைக் கதிரையும் காலி. நடுவில் முருகன் மட்டும் உட்கார்ந்திருக்க, பஸ்ஸே அவரைச் சுற்றி நின்றது. திரைக்குப் பின்னால் நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி, டிரைவர் அண்ணன்.

டிரைவராக நடித்த பொடியன், மை பூசிய மீசையோடு, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டத் தொடங்கினான். பசறை தாண்டியதும் முதல் பெரிய வளைவில் அவன் கையை இடது பக்கம் திருப்பினான். அந்த வளைவு வலதுக்குப் போகும். கூட்டத்தில் பாதிப் பேர் ஐயோ என்றார்கள். இடது பக்கம் பள்ளம். அவ்வளவுதான், சுவரோரம் நின்றவர் ஒரே தாவலில் மேடைக்கு வந்து, பொடியனைத் தோளில் பிடித்து எழுப்பிவிட்டு, கதிரையில் உட்கார்ந்தார். சீப்பை எடுத்து ஒரு தடவை சீவினார். கியரை மாற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்னும் பத்து நாடகம் போட்டாலும் வரவழைக்க முடியாது. அவர் வெறுங்கையால் ஓட்டினார். வாயால் என்ஜின் சத்தம். வலது வளைவு வந்ததும் மேடையில் நின்ற பிள்ளைகள் சாய்ந்தார்கள். அது நான் பழக்கியது. ஆனால் கீழே உட்கார்ந்திருந்த கூட்டமும் சாய்ந்தது. வரிசை வரிசையாக, யாரும் சொல்லாமல், வளைவுக்கு வளைவு இடமும் வலமுமாக. அதிபர் சாய்ந்தார். வாளி சாய்ந்தது. ரோட்டில் குழி வந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாகத் துள்ளி உட்கார்ந்தார்கள். பதுளையிலிருந்து வந்த முதலாளி மட்டும் நிமிர்ந்திருந்ததால், பக்கத்தில் சாய்ந்த அம்மாவின் தோளில் இடிபட்டு மன்னிப்புக் கேட்டார்.

பாதி வழியில் டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார். நாடகத்தில் அந்த இடத்தில் நிறுத்தம் இல்லை. என்ஜினை உறுமவிட்டுக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகனும் பார்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு அக்காவுக்கு விளங்கியது. அவர் ஏறுகிற வளைவு அது. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, மேடைக்கு ஏறி வந்து, கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையை உயர்த்தி நின்றார். கண்டக்டர் பிள்ளை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. “பின்னுக்குப் போங்கக்கா” என்றாள். பஸ் நகர்ந்தது. அடுத்த லயத்தில் நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். அதற்கடுத்ததில் ஒரு குடும்பமே ஏறியது. ஒரு கைக்குழந்தை முருகனின் மடிக்குப் போனது. அது வேலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. மேசைகள் முனகின. மேடையில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களைவிட அதிகமாகிக்கொண்டே போனார்கள். டிரைவர் அண்ணன் ஒரு நிறுத்தத்தையும் விடவில்லை.

ஒருவழியாக பஸ் கயிலாயம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையார் காத்திருந்து காத்திருந்து மாம்பழத்தைக் கொட்டைவரை தின்று முடித்திருந்தான். பார்வதியாக நடித்த பிள்ளை மட்டும் பாடம் மறக்காமல் கேட்டாள்: “மகனே, ஏன் இவ்வளவு தாமதம்?” முருகன் சொல்ல வேண்டிய பதில், ‘தாயே, நான் ஏறிய பஸ் அப்படி.’ அந்த ஒரு வரிக்காகத்தான் நாடகமே. அவன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு அக்கா முந்திக்கொண்டார். “நான்தாங்க. கோழிய அடைச்சுட்டு வர லேட்டாயிருச்சு.” இன்னொருவர், மகனுடைய ஒற்றைச் செருப்பைத் தேடியதாகச் சொன்னார். வேறொருவர், வீட்டுக்காரருக்குச் சோறு கட்டினாராம். பார்வதிக்கு முன்னால் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கேட்டது பார்வதிதான், அவர்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

திரை விழவில்லை. விழுவதற்கு மேடையில் இடமில்லை. மேடை டிரைவர் பொடியன் இன்னும் ஓரமாக நின்று, “மாமா, என் கதிர” என்று கேட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் அண்ணன் எழவில்லை. முதலாளி மேடை விளிம்புக்கு வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, “நாடகத்துக் கதிரையவே விட மாட்டேங்குறாரு இந்த மனுசன். பஸ் சீட்டுலேந்து நான் எப்புடி எடுக்கிறது?” என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார். சாவியைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று. நேரத்துக்கு வரச் சொல்லி ஒரு கடிகாரம் வாங்கி பஸ்ஸில் மாட்டினார். அந்தக் கடிகாரத்தின் மேல்தான் டிரைவர் அண்ணன் தன் துவாயைத் தொங்கவிடுகிறார்.

நாடகம் தோற்றதா வென்றதா என்று நான் பல நாள் யோசித்தேன். எழுதிய கடைசி வரி பேசப்படவேயில்லை. கம்பஸில் என்றால் இதைத் தோல்வி என்று குறித்திருப்பார்கள். ஆனால் இந்த வருடம் தவணை தொடங்கியதுமே பிள்ளைகள் வந்து, மறுபடி போடலாம் டீச்சர், மேடை மட்டும் வேண்டாம், மேசை தாங்காது என்றார்கள். கண்டக்டர் பிள்ளைதான் யோசனை சொன்னாள். ஓடுகிற பஸ்ஸிலேயே நடிப்பது. பதுளையில் முருகன் ஏறுவான். தோட்டத்து முடிவிடத்தில் பிள்ளையார் பழத்தோடு நிற்பான். பாடசாலை மணி அடிப்பதற்குள் பஸ் வந்தால் பழம் முருகனுக்கு, வராவிட்டால் பிள்ளையாருக்கு. முதலாளி சம்மதித்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் வழக்கமான பயணிகள்தான். நாடகம் நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

நேற்று வசனத் தாள்களை டிரைவர் அண்ணனிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தன் பெயர் வருகிற இடங்களை மட்டும் வாசித்தார். மீசை பற்றிய வரியில் நின்று தலையாட்டினார். கடைசிப் பக்கத்தில் நான் முருகனை வெல்ல வைத்திருந்தேன், அவருக்காக. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“முடிவ மட்டும் இப்பவே எழுதிராதீங்க டீச்சர். அன்னிக்கு யார் யார் ஏறுவாங்கன்னு நமக்கு எப்புடித் தெரியும்?”

கிழித்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை, கடைசிப் பக்கம் இல்லாமல்தான் புறப்படப் போகிறோம். பிள்ளையாரிடம் மட்டும், வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.